ஏற்காட்டுக் குளிரில் வேர்க்கும் கேஸ் கீசர்

சேலத்தில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும் ஃபேன் வைத்த கேஸ் கீசர், அதே மாடல், அதே ஃபிட்டிங், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வந்ததும் முதல் மழைக்காலத்திலேயே சொட்ட ஆரம்பிக்கும். புகைக்குழாயின் முதல் மூட்டில் ஒரு சொட்டு நிற்கும். கீசரின் அடித்தட்டில் பழுப்புக் கறை படியும். பர்னர் பக்கம் 'சுர்ர்' என்று சத்தம் வரும். மலையடிவாரத்திலிருந்து வரும் மெக்கானிக் பார்த்துவிட்டு, "உள்ளே ஓட்டைங்க, ஹீட் எக்ஸ்சேஞ்சரை மாத்தணும்" என்பார். நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்கு ஏற்றும் அந்தச் செம்புப் பகுதியை மாற்றிய பிறகும் சொட்டும்.

அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம்தான். அங்கே மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே பாதி நாள் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே கீசரின் எதிரி உப்புத் தண்ணீர், காயிலில் படியும் சுண்ணாம்பு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மார்கழி, தை விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைக்கும். புகைக்குழாய் போகும் கருங்கல் சுவரும் அதே குளிரில் இருக்கும், வெளியே மூடுபனி. இங்கே கீசரின் எதிரி, அதன் சொந்த நெருப்பிலிருந்தே பிறக்கும் தண்ணீர்.

நெருப்பிலிருந்து தண்ணீரா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எல்.பி.ஜி.யில் இருக்கும் ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கிலோ கேஸ் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் பிறக்கும். 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் புகைக்குழாய் வழியே போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒருவர் குளிக்க 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றினால் சுமார் 55 கிராம் கேஸ் செலவாகும்; அதற்கு ஏறக்குறைய அரை டம்ளர் தண்ணீர் ஆவியாகக் கிளம்பும். எட்டுப் பேர் தங்கும் ஹோம்ஸ்டேயில் ஒரு காலைக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

இந்த ஆவி ஆவியாகவே வெளியே போய்விட்டால் தொல்லை இல்லை. இட்லிப் பானை மூடியைத் தூக்கினால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறதே, அதே வேலைதான் குழாய்க்குள்ளும் நடக்கிறது. எல்.பி.ஜி. புகை ஏறக்குறைய 50 டிகிரி வெப்பத்துக்குக் கீழே இறங்கும் இடத்தில் ஆவி தண்ணீராக மாறும். எவ்வளவு காற்று கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த எல்லை சில டிகிரி முன்னே பின்னே போகும். இதைப் பனிநிலை என்பார்கள். குழாயின் உள்சுவர் அதைவிடச் சூடாக இருந்தால் வேர்க்காது, குளிர்ந்திருந்தால் வேர்க்கும். இந்த மலையில் ஒரு சொட்டு கூட வராமல் செய்வது நடக்காத காரியம். கீசரைப் பற்றவைத்த முதல் இரண்டு மூன்று நிமிடம் எந்தக் குழாயும் வேர்க்கத்தான் செய்யும். ஆகவே வேலை இரண்டுதான்: புகை வெளியே போகும்வரை அதன் சூட்டைக் காப்பது, அதையும் மீறி வரும் தண்ணீர் ஃபேனுக்கோ பர்னருக்கோ திரும்பாமல் ஒரு வழி விடுவது.

முதலில் ஓட்டையா, வேர்வையா என்று பாருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு நாள் பொறுமை வேண்டும். ஈரம் தெரிகிற எல்லா இடத்தையும் துணியால் துடைத்துவிட்டு, கீழே செய்தித்தாள் விரித்து, கீசரைத் தொடாமல் ராத்திரி முழுக்க விடுங்கள். தண்ணீர் வால்வு திறந்தே இருக்கட்டும், கேஸை மட்டும் மூடிவிடுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அது ஓட்டை. ஓட்டைக்கு ராத்திரி பகல் தெரியாது. தாள் காய்ந்திருந்து, கீசர் எரியும்போதும் அணைத்த சில நிமிடங்களிலும் மட்டும் சொட்டினால் அது வேர்வை.

இன்னும் உறுதி வேண்டுமானால் சொட்டுவதைக் கிண்ணத்தில் பிடித்து, பள்ளிக்கூட லேபில் வைத்திருக்கும் நீல லிட்மஸ் தாளை நனையுங்கள். புகையிலிருந்து இறங்கிய தண்ணீர் புளிப்பு. அதில் கரியமில வாயுவும், சுடர்ச் சூட்டில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடும், கேஸ் வாடைக்காகச் சேர்க்கும் மெர்காப்டனின் கந்தகமும் கரைந்திருக்கும். பி.எச். 3-லிருந்து 5-க்குள் நிற்கும். தாள் சிவக்கும். இன்னொரு சோதனை, ஒரு ஸ்பூன் தண்ணீரை எவர்சில்வர் மூடியில் விட்டு அடுப்பில் வற்ற வைப்பது. சேலத்து போர் தண்ணீராக இருந்தால் வெள்ளை வட்டம் தடிப்பாகப் படியும். புகைத் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றும் விடாது. விட்டால் செம்பு அரித்த பச்சைச் சாயல் இருக்கும். ஏற்காட்டு ஊற்றுத் தண்ணீர் உப்பில்லாதது, அதனால் மலைமேல் இந்த வற்றவைக்கும் சோதனை ஏமாற்றும், லிட்மஸையே நம்புங்கள்.

டேங்க் வைத்த கேஸ் கீசருக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. சில ரிசார்ட்டுகளில் அந்த வகை இருக்கிறது. புதிதாகத் தண்ணீர் நிரப்பியோ, கூட்டம் குளித்து முடித்து டேங்க் முழுக்கப் பச்சைத் தண்ணீர் ஏறியோ இருக்கும்போது பற்றவைத்தால், டேங்க் நடுவே போகும் புகைக்குழாய்ச் சுவர் சில்லென்று இருக்கும். அதில் ஆவி பட்டு, மழை போலப் பர்னர்மேல் இறங்கும். சுர்ர் சத்தம் அதுதான். தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டியதும் தானாக நின்றுவிடும். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் சொட்டினால்தான் டேங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

குளிர்ந்த தண்ணீர் வரும் இன்லெட் குழாயின் வெளிப்பக்கம் ஈரமாவது வேறு கதை. அது அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த குழாயில் படிவது. நெருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 9 மி.மீ. கறுப்பு நுரைக் குழாயை மேலே போர்த்தினால் தீர்ந்தது.

ஆனால் ஒரே ஒரு ஈரத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரும் குளிக்காத நேரத்தில், கீசர் வேறு எங்கோ சுடுதண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, கீசர் இருக்கும் அறையின் ஜன்னல் கண்ணாடி மங்கினால், மேற்கூரை நனைந்தால், புகை வீட்டுக்குள் வருகிறது. நீராவி வந்த வழியில் கார்பன் மோனாக்சைடும் வரலாம். அதற்கு வாடை கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று ஆரம்பித்து ஆளையே முடித்துவிடும். உடனே கேஸை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வாருங்கள். குழாயைச் சரிபார்த்து முடிக்கும்வரை அந்தக் கீசரை எரிக்கவே வேண்டாம்.

ஃபேன் இருப்பதால் என்ன வித்தியாசம்

சாதாரணப் புகைக்குழாயில் சூட்டுப் புகை தானாக மேலே ஏறும். மூட்டில் இடைவெளி இருந்தால் அறைக்காற்று உள்ளே இழுபடும். ஃபேன் வைத்ததில் ஃபேனுக்குப் பிறகு வரும் குழாய் முழுக்க அழுத்தத்தில் இருக்கிறது. இடைவெளி எங்கே இருந்தாலும் புகை அறைக்குள் பீச்சும், கூடவே தண்ணீரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் சாதாரண கீசருக்கு மாட்டுவது போலக் குழாயைச் செருகி, மேலே ஒரு சுற்று அலுமினிய டேப் ஒட்டிவிட்டுப் போவதுதான் மலையில் அதிகம் பார்க்கிற தப்பு.

டேங்க் இல்லாமல் ஓடும் தண்ணீரையே சூடாக்கும் இன்ஸ்டன்ட் வகையில் புகை நூறு டிகிரிக்கு மேலும் போகும். அதற்கு எந்த பிளாஸ்டிக் குழாயும் ஆகாது. டேங்க் வகையில் ஃபேன் அறைக்காற்றையும் சேர்த்து இழுத்து, கலந்து, புகையை ஆற்றித் தள்ளுகிறது. அதனால்தான் சில மாடல்களுக்குத் தயாரிப்பாளரே பி.வி.சி. அல்லது சி.பி.வி.சி. குழாய் சொல்கிறார். ஆற்றித் தள்ளும் புகை பனிநிலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்த வகை நிறைய வேர்க்கும். உங்களிடம் இருப்பது எது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் குழாய் வாங்கப் போகாதீர்கள்.

இன்ஸ்டன்ட் வகைக்கு எஸ்.எஸ். 304 ரக எவர்சில்வர் குழாய் போதும், 316 கிடைத்தால் இன்னும் நல்லது. எவர்சில்வர் உருட்டும் ஆலை இருக்கிற ஊர் சேலம். தகட்டை உருட்டி வெல்டு வைத்துத் தரும் பட்டறை கிடைப்பது கஷ்டமில்லை. துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. குழாய் வேண்டவே வேண்டாம். புளிப்புத் தண்ணீர் முதலில் துத்தநாகப் பூச்சைத் தின்னும், உள்ளே வெள்ளைப் பொடி படியும், பிறகு துரு. மடிப்பு மடிப்பாக நீளும் அலுமினியக் குழாய் வளைக்கச் சுலபம் என்பதற்காகப் பலர் மாட்டுகிறார்கள். ஒவ்வொரு மடிப்பும் ஒரு சின்னக் கிண்ணம். ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி, அடிப்பக்கம் ஊசிக் கண்ணாக ஓட்டை விழும். அழுத்தத்தில் போகும் புகைக்கு அது ஏற்றதே இல்லை.

சாய்வு

குழாய் கீசரிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி மீட்டருக்கு 20 மி.மீ. இறங்க வேண்டும். தயாரிப்பாளர் கையேடு வேறு மாதிரி, அதாவது கீசர் பக்கம் சாய்த்து டிரெயின் வைக்கச் சொன்னால் அதையே கேளுங்கள். ஆனால் இரண்டும்கெட்டானாகச் சமமட்டத்தில் விடாதீர்கள். அளப்பதற்கு ஒரு மீட்டர் நீள மட்டப்பலகையும் 20 மி.மீ. தடிப்புள்ள மரக்கட்டைத் துண்டும் போதும். பலகையைக் குழாய்மேல் வைத்து, வெளிப்பக்க முனைக்கு அடியில் கட்டையைக் கொடுங்கள். குமிழி நடுவில் நின்றால் சாய்வு சரி. குமிழி வெளிப்பக்கம் போனால் சாய்வு போதாது என்று பொருள்.

ஒரு மீட்டருக்கு ஒரு கிளாம்ப் வேண்டும். கிளாம்ப் குறைந்தால் சில மாதத்தில் நடுவில் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். 60 மி.மீ. குழாயில் 30 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் புகை போகும் வழி பாதியாகிவிட்டது. ஃபேன் ஓடும்போது குழாய்க்குள் 'குடக் குடக்' என்று கேட்டால் அதுதான் காரணம். உடனே அணைத்துவிட்டுத் தொய்வைச் சரிசெய்யுங்கள்.

மூட்டில் எந்தக் குழாய் எதற்குள் போகிறது என்பது முக்கியம். ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிகிற மாதிரி, தண்ணீர் ஓடுகிற திசையில் குழாயின் ஒடுங்கிய முனை இருக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்த்த குழாயில், கீசர் பக்கத்துக் குழாய் அடுத்த குழாய்க்குள் நுழைய வேண்டும். திருப்பி மாட்டினால் ஒவ்வொரு மூட்டும் தண்ணீரை வெளியே கசியவிடும். வெல்டு வைத்த நீளத் தையல் மேல்பக்கம் இருக்கட்டும். தண்ணீர் ஓடுவது அடிப்பக்கம். மூட்டுக்குள் சிலிக்கான் ரப்பர் வளையம் இருக்கும் குழாய் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் அதிகச் சூடு தாங்கும் சிவப்பு சிலிக்கானை ஒடுங்கிய முனையில் சுற்றிலும் தடவி, செருகி, கையேட்டில் போட்ட நேரம் காயவிட்டு, அதற்குப் பிறகே பற்றவையுங்கள். கண்ணாடி ஒட்டும் சாதாரண சிலிக்கான் இந்தச் சூட்டில் பொரிந்து உதிரும். மூட்டை இறுக்க அடிப்பக்கம் ஸ்குரூ போடவே கூடாது.

நீளத்தைக் குறைப்பதுதான் இந்த மலையில் மிகப் பெரிய வைத்தியம். கையேடு நீண்ட குழாய்க்கு அனுமதித்தாலும் இங்கே இரண்டு மீட்டரோடு நிறுத்தப் பாருங்கள். குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டான எல்போ ஒன்று ஏறக்குறைய ஒரு மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம். சரியான கணக்கு கையேட்டில் இருக்கும். அழகுக்காகப் பின்பக்கம் வரை மூன்று எல்போ வைத்துக் கொண்டுபோவதைவிட, கீசரையே வெளிச்சுவர்ப் பக்கம் நகர்த்தி மாட்டுவது மலிவு.

பழைய எஸ்டேட் பங்களாக்களில் கருங்கல் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி தடிப்பு இருக்கும். அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு குழாய் போனால் சுவரே சூட்டை உறிஞ்சிவிடும். துளையைப் பெரிதாகப் போட்டு, உள்ளே பெரிய குழாய் ஒன்றை உறையாக வைத்து, இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் காக்கும் கல் இழைப் பஞ்சான ராக்வூல் அடைத்து, வெளிமுகத்தில் மட்டும் மழை புகாமல் மூடுங்கள். துளை போடும்போதே டிரில்லை வெளிப்பக்கம் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நேராகத் துளைத்துவிட்டால் பிறகு சாய்வு வராது.

கூரைக்கடியிலுள்ள குளிர்ந்த பரணுக்குள் குழாய் போகவேண்டி வந்தால், தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளும் இடத்தில், 25 மி.மீ. ராக்வூல் சுற்றி அலுமினிய ஃபாயில் போர்த்தலாம். ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரை வேண்டாம், உருகும். பிளாஸ்டிக் புகைக்குழாய்க்கு எதையும் சுற்றாதீர்கள். மூட்டுகளை மூடாமல் விடுங்கள், கண்ணில் படவேண்டும்.

வேலை முடிந்ததும் சோதிக்க, கடைசி மூட்டில் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி, ஐந்து நிமிடம் எரியவிட்டு, அந்த டேப்மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். பளபளக்கும் எவர்சில்வர்மேல் நேராகக் காட்டினால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 55 டிகிரிக்கு மேல் இருந்தால் குழாய் காய்ந்துவிடும்.

டிரெயின் வளையம்

குழாய் மேலே ஏறிப் போக வேண்டிய வீடுகளில் தண்ணீர் கீசர் பக்கம்தான் இறங்கும். அப்போது கீசரின் வாய்க்கு மிக அருகில் தண்ணீரை வடிக்கும் 'T' வடிவ இணைப்பு, அதாவது டிரெயின் டீ, கட்டாயம். டீயிலிருந்து வரும் ஓஸை நேராகச் சாக்கடைக்கு விட்டால் தண்ணீரோடு புகையும் அந்த வழியே வரும். ஓஸை 'யு' வடிவில் வளைத்து, 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி கட்ட வேண்டும். ஃபேனின் அழுத்தம் அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட முடியாது.

இதற்கு நல்ல பொருள் கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப், அதாவது உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப். மலிவு, புளிப்பு அரிக்காது, உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று வெளியிலிருந்தே தெரியும். டீயை ஒட்டிச் சூடு அதிகம், அங்கே ஒரு அடிக்குச் சிலிக்கான் டியூப் போட்டு, பிறகு கண்ணாடி டியூப் சேருங்கள். செம்பு, ஜி.ஐ. வேண்டாம். முதல்முறை பற்றவைக்கும் முன் வளையத்தில் தண்ணீர் ஊற்றி நிரப்ப மறக்காதீர்கள். ஓஸின் வாய் மொசைக்கிலோ சுண்ணாம்புப் பூச்சிலோ சொட்டினால் சில மாதத்தில் அங்கே குழி விழும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சல்லியாக உடைத்த சுண்ணாம்புக்கல்லையோ மார்பிள் துண்டையோ நிரப்பி, அதன் வழியே தண்ணீரை விட்டால் புளிப்பு முறிந்துவிடும். கல் கரையக் கரைய வருடம் ஒருமுறை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கீசர் நடுவில் அணைந்துபோகிறதா

ஃபேன் உறையிலிருந்து ஒரு சின்ன ரப்பர் டியூப், விரல் நுனியளவு தடிப்பு கூட இருக்காது, காற்றழுத்த ஸ்விட்சுக்குப் போகும். புகை ஒழுங்காக வெளியேறுகிறதா என்று கீசர் தெரிந்துகொள்வது அந்த டியூப் வழியாகத்தான். ஒரே ஒரு சொட்டு வேர்வை அதன் தொய்வில் போய் நின்றுவிட்டால் போதும், ஸ்விட்ச் ஏமாந்து கேஸை நிறுத்திவிடும். பனி அடர்ந்த காலையில் அணையும், மதியம் நன்றாக எரியும். கீசரின் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது என்று போர்டையே மாற்றிய வீடுகள் உண்டு.

கரண்டையும் கேஸையும் நிறுத்தி, கவரைக் கழற்றி, டியூபை இரண்டு முனையிலும் உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் கண்ணாடி மணி போல ஒரு சொட்டு தெரியும். ஊதிவிட்டு, வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார்த்து, தொய்வே இல்லாமல், ஸ்விட்ச் பக்கம் உயரமாகவும் ஃபேன் பக்கம் தாழ்வாகவும் மாட்டுங்கள். டியூபை ஸ்விட்சில் மாட்டியபடியே வாயால் ஊதாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். சுத்தம் செய்த பிறகும் அணைந்தால், வெளிக்குழாய் அடைப்பைத் தேடுங்கள். ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் முறுக்கி நேராக இணைத்து "இப்ப ஓடுது பாருங்க" என்று காட்டும் ஆளை அந்த நிமிடமே நிறுத்துங்கள். வீட்டிலிருப்பவர் உயிரைக் காக்கும் பொருள் அது.

நாப்பைத் திருப்புகிற விதம்

இன்ஸ்டன்ட் கீசரில் ஹீட் எக்ஸ்சேஞ்சரே வேர்ப்பதற்குப் பெரும்பாலும் நாம் திருப்பும் முறைதான் காரணம். கேஸ் நாப் குறைவாக, தண்ணீர் நாப் முழுதாகத் திறந்திருந்தால், செம்புத் தகடுகள் வழியே குளிர்ந்த தண்ணீர் வேகமாக ஓடி அவற்றைப் பனிநிலைக்குக் கீழேயே வைத்திருக்கும். ஆவி அங்கேயே தண்ணீராகிப் பர்னர்மேல் விழும், தகடு பச்சை பூக்கும். கேஸைக் கூட்டி, தண்ணீரைக் குறைத்து, வெளிவரும் தண்ணீரை 50 டிகிரி வரை ஏற்றி, வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். டேங்க் வகையானால் தெர்மோஸ்டாட்டை 55 டிகிரிக்குக் கீழே குறைக்காதீர்கள். அந்தச் சூடு தோலைப் பொசுக்கும் என்பதால் குழாயில் கலக்கும் வால்வு வேண்டும்.

கை கழுவும் பேசினுக்கு இந்தக் கீசரிலிருந்து லைன் கொடுக்காதீர்கள். அரை நிமிடம் எரிந்து அணைவது, மறுபடி அரை நிமிடம் என்றால் குழாய் ஒருமுறை கூடக் காயாது. நாள் முழுக்க ஈரத்திலேயே ஊறும். ஒரே நேரத்தில் ஐந்தாறு நிமிடம் எரிவது, இருபது தடவை எரிந்து அணைவதைவிட நூறு மடங்கு நல்லது.

காற்று

ஏற்காட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ளினாலும் அதில் ஆக்சிஜன் குறைவு. நீலமாக நிற்க வேண்டிய சுடரின் நுனி மஞ்சளானால் கரி விழுகிறது. கரியும் வேர்வையும் கலந்தால் தகடுகளுக்கு நடுவே கறுப்புக் களிம்பு அடையும். அடைந்தால் புகை தடைபடும், கார்பன் மோனாக்சைடு கூடும். சில மாடல்களில் உயரத்துக்கென்று தனி அமைப்பு உண்டு. வாங்கும்போதே இது 1,500 மீட்டரில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். பர்னருக்குக் கேஸ் வரும் சின்னத் துளையான ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்குவது, ரெகுலேட்டரை மாற்றி அழுத்தம் கூட்டுவது இரண்டும் தப்பு. வீட்டு ரெகுலேட்டர் தரும் 30 மில்லிபாருக்கென்றே அந்த பர்னர் செய்யப்பட்டிருக்கிறது.

விடியற்காலையில் சுடர் தானாகச் சிறுத்தால் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். தொடர்ந்து கேஸ் எடுக்கும்போது சிலிண்டரே குளிர்ந்து வெளியே வேர்க்கும், உள்ளே கேஸ் ஆவியாவது மந்தமாகும். பெரிய கீசருக்கு இரண்டு சிலிண்டரைச் சேர்த்து மாட்டும் முறையான இணைப்பு உண்டு. சுடுதண்ணீர் ஊற்றுவது, துணி போட்டுச் சூடேற்றுவது எல்லாம் ஆபத்து.

குளிருக்குப் பயந்து வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைப்பதை இங்கே பல வீடுகளில் பார்க்கலாம். கீசர் இருக்கும் அறையில் அதைச் செய்யவே கூடாது. மூடிய குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டவும் கூடாது. படுக்கையறைப் பக்கம் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். அதன் பின்பக்கம் காலாவதித் தேதி போட்டிருக்கும், தேதி முடிந்தால் பேட்டரி இருந்தாலும் மாற்றவேண்டும்.

வெளிமுனை

பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நின்று பார்த்துவிட்டு, அதற்கு எதிர்முகமாக இல்லாமல் குழாய் வாயை வையுங்கள். காற்று நேராக அடித்தால், கீசர் அணைந்திருக்கும் நேரமெல்லாம் மூடுபனி குழாய் வழியே ஃபேனுக்குள் வரும். காற்று திரும்ப வராமல் தடுக்கும் மடல் வைத்த டெர்மினல், அதாவது குழாய் வாயில் மாட்டும் முனைத்துண்டு, வாங்கினால் நல்லது. தரையிலிருந்து ஒரு அடியாவது உயரம், ஜன்னலிலிருந்து ஒரு மீட்டராவது தூரம்; கையேடு அதிகம் கேட்டால் அதுவே கணக்கு. சொட்டு விழும் இடத்தில் தகரக் கூரையோ பித்தளைக் குழாயோ இருக்கக் கூடாது.

வாரக் கடைசியில் மட்டும் ஆள் தங்கும் வீடுகளில் குளவி ஒரு பெரிய தொல்லை. சூடு ஆறிய குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும். அதற்குப் பயந்து கொசுவலையைக் கட்டினால், வேர்வையும் தூசியும் சேர்ந்து வலை சாணி பூசியது போல மூடிக்கொள்ளும். தயாரிப்பாளரின் டெர்மினலோடு வரும் பெரிய கண் கம்பிவலையே போதும். வீடு கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்திருந்தால், பற்றவைக்கும் முன் டார்ச் அடித்துக் குழாய் வாயைப் பாருங்கள்.

முழுச் சர்வீஸுக்கு வருடத்தில் இரண்டு நேரம் சரியாக வரும்: மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கு முன், வடகிழக்குப் பருவமழைக்கு முன். மூட்டு ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, சோப்பு நுரை தடவி, ஃபேன் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஃபேன் உறையின் அடியில் டிரெயின் துளை இருந்தால் குச்சியால் குத்தி அடைப்பெடுங்கள். எவர்சில்வர் குழாயின் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளி தெரிந்தால் நகத்தால் சுரண்டுங்கள். துடைத்தால் போகிற கறை என்றால் விட்டுவிடலாம். நகம் குழியில் மாட்டினால், அந்தத் துண்டை அடுத்த மழைக்குள் மாற்றிவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிய வீட்டைத் திறக்கும்போது டிரெயின் வளையத்தில் தண்ணீர் வற்றிப்போயிருக்கும். ஒரு டம்ளர் ஊற்றி, கண்ணாடி டியூபில் 10 செ.மீ. நிற்கிறதென்று பார்த்த பிறகு கேஸ் வால்வைத் திறங்கள்.